டிபன் பாக்ஸில் பேர் வெட்டிய விவகாரம்

சேலையூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மச்சான் பென்னிக்கு, கேம்ப் ரோடு பாத்திரக்கடை வேதசிரோமணி எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உன் அக்கா ஈவ்லினும் சுகம், கடையும் சுகம். உன் சுகத்தைக் கேட்கவில்லை. சர்க்கரைப் புண் இன்னும் ஆறவில்லை என்று தெரியும். போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம்.

"நான் இன்னா எலியா அத்தான்? ஆராய்ச்சிக்கெல்லாம் காலைக் குடுக்க மாட்டேன்" என்று கத்தினாயே, அதற்குப் பதில் கேள். மனுஷர்களை வைத்து ஆராய்ச்சி செய்வதென்றால் முதலில் எத்திக்ஸ் கமிட்டி, அதாவது நோயாளிக்கு அநியாயம் நடக்காமல் பார்க்கிற குழு, சரி என்று சொல்ல வேண்டும். அதில் டாக்டரல்லாத சாதாரண ஆள் ஒருவர் இருந்தே ஆக வேண்டுமாம். இங்கே தீபா டாக்டரின் ஆராய்ச்சி மையத்தில் அந்த சாதாரண ஆள் நான்தான். தீபா டாக்டர் குக்கர் வாங்க வந்தபோது, "இதோட கைப்பிடி ஆறு மாசம் தாங்காது, வேற எடுங்க" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காகக் கூப்பிட்டுப் போய் உட்கார வைத்துவிட்டார். சும்மா இல்லை மச்சான், பதினோரு பக்க சம்மதப் படிவம் எனக்குப் புரியவில்லை என்றேன், பெரிய பெரிய டாக்டர்கள் மூன்று தடவை திருத்தி எழுதிக்கொண்டு வந்தார்கள்.

அப்புறம் நான் பண்ணின கூத்து. புண்ணுக்குப் புது மருந்து ஆராய்ச்சி ஆரம்பித்த அன்று, இலவசம் இல்லாமல் யார் வருவார்கள் என்று நானாகவே யோசித்து, யாரையும் கேட்காமல், எவர்சில்வர் டிபன் பாக்ஸ் நாற்பது எடுத்துக்கொண்டு, பேர் வெட்டுற மிஷினோட மையத்து கேட்ல போய் உட்கார்ந்துட்டேன். நம்ம கடையில பாத்திரம் வாங்கினா பேர் வெட்டித் தர்றது வழக்கம்தானே? அந்தப் பழக்கத்துல ஒவ்வொருத்தர் பேரையும் கேட்டு, கீழே 'கால்புண் ஆராய்ச்சி'ன்னும் சேர்த்து வெட்டிக் குடுத்தேன். பெருங்களத்தூர் தனம் அதுல சோறு எடுத்துக்கினு வேலைக்குப் போயிருக்கு. பஸ்ல பக்கத்து சீட்டுக்காரி படிச்சுட்டு, "இன்னாக்கா, கால்ல புண்ணா?"ன்னு சத்தமா கேட்டிருக்கா. ரகசியமா இருக்க வேண்டிய விஷயம், பஸ்ஸே திரும்பிப் பார்த்திருக்கு.

அதே மாசம் எங்களுக்கு அங்கீகாரம் தரலாமான்னு பார்க்க வெளியூர்ல இருந்து மூணு பேர் வர்றாங்க. அங்கீகாரம் இல்லேன்னா புது ஆராய்ச்சி கிடையாது. நம்ம கடைக்கு சோதனைக்கு ஆள் வந்தா நாம என்ன பண்ணுவோம்? நல்ல தராசை முன்னாடி வைப்போம். அதே புத்தியில, "பாக்ஸை எல்லாம் வாங்கி உருக்கிடலாம்மா, யாருக்குத் தெரியப் போகுது?"ன்னேன். தீபா டாக்டர் சிரிக்கவே இல்லை. "அண்ணா, அதை நானே எழுதி அவங்களுக்கு அனுப்பிட்டேன்"னாங்க. அதுக்கு முன்னாடியே வீடு வீடாப் போய் மன்னிப்புக் கேட்டு, பாக்ஸுக்காக வந்திருந்தா இப்பவே விலகிக்கலாம், வைத்தியம் எப்பவும் போல நடக்கும்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு பேர் விலகினாங்க. ஒருத்தர்கூட அவங்களை ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலை.

வந்தவங்க என்னைக் கேட்டாங்க, "ஏன் சார் பேர் வெட்டினீங்க?" "பேர் வெட்டறதுக்கு எங்க கடையில காசு வாங்கறதில்லை சார்"ன்னேன். மூணு பேரும் குனிஞ்சு எழுதினாங்க. தனத்தையும் தனியாக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. "பாக்ஸ் நல்ல கனமா கீது சார். பேரை மட்டும் அழிச்சுக் குடுக்கச் சொல்லுங்க"ன்னுச்சாம். அங்கீகாரம் கிடைச்சுடுச்சு மச்சான்! தப்பை மறைக்காம முதல்ல சொன்ன இடம்னு அதுல எழுதியிருக்கு. முப்பது வருஷமா வியாபாரம் பண்றேன், தன் சரக்குல இருக்கிற ஓட்டையைத் தானே காட்டின கம்பெனியை இப்பத்தான் பார்க்கிறேன்.

ஆகவே திங்கட்கிழமை ஒழுங்காக வந்து பேர் கொடு. உனக்கென்று அடுக்கு கேரியர் ஒன்று இத்துடன் அனுப்பியிருக்கிறேன். வரவில்லையென்றால் கிறிஸ்துமஸுக்கு ஈவ்லின் உங்கள் பீர்க்கன்கரணைப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டாள். கிறிஸ்டினாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஆண்டவர் ஆரோக்கியம் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்
வேதசிரோமணி

பின்குறிப்பு: ஈவ்லின் படித்துவிட்டு, "ஏங்க, மறுபடியும் பாத்திரம், கூடவே மிரட்டல், ரகசியமா இருக்க வேண்டிய அந்தப் பொம்பள பேரு வேற! என்னத்தைக் கத்துக்கினீங்க?" என்கிறாள். சரிதான். மேலே 'ஆகவே' என்பதிலிருந்து எல்லாம் ரத்து. அந்தப் பேரை நீயே அடித்துவிடு. கேரியர் சும்மா, வராவிட்டாலும் உனக்குத்தான்; கிறிஸ்துமஸுக்கு ஈவ்லின் எப்படியும் வருவாள். உன் கால், உன் இஷ்டம். இதன் நகலை தீபா டாக்டரிடம் நானே கொடுத்துவிட்டேன். கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் முதல் விஷயமே நான்தான்.