ரோசா இல்லை, அரக்கு

காஞ்சிபுரத்தில் பட்டுக்குச் சாயம் போட்டவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். தன் முகத்தின் நிறத்துக்கே சாயப் பெயர் சொன்னவர் அரக்கு மாஸ்டர் ஒருவர்தான்.

சின்ன காஞ்சிபுரத்தில் அவருக்குச் சாயப் பட்டறை. கொதிக்கும் தொட்டியின் ஆவியில் முப்பது வருஷம் நின்றதில் சாயம் தோலுக்குள் இறங்கிவிட்டது என்று பாதி ஊர் சொன்னது. அரக்குச் சிவப்பான கன்னம், தடித்த மூக்கு, கலங்கிய கண், எல்லாம் குடிதான் என்றது மீதி ஊர். அவர் மனைவி மீதி ஊரின் பக்கம். வாலாஜாபாத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் அப்போது ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலைக்குப் புதிது. ஜன்னலில் அந்த முகம் தெரிந்ததும் என்னை அறியாமல் மூச்சை இழுத்தேன்.

"இன்னாமா, மோந்து பாக்கறியா? நல்லா பாரு. ஊர்ல நீ ஒருத்திதான் பாக்கி."

வெட்கத்தோடு அவரை வியாழக்கிழமை வரும் தோல் டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

"பருவுன்னா கரும்புள்ளி இருக்கும், இங்க இல்ல. எரியுதா? கண்ணுல மண்ணு விழுந்தாப்ல உறுத்துதா?" என்று டாக்டர் கேட்டார். மாஸ்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "மாநிறத்துல சிவப்பு லேசுல தெரியாது. உங்களுக்கு இவ்வளவு தெரியுதுன்னா ரொம்ப நாளாச்சு. இது ரோசேசியாங்கற தோல் நோய், குடியில்ல."

மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "ரோசாவா? ரோசா வேற, அரக்கு வேற சார். சாயக்காரன் கிட்டயா சொல்றீங்க!"

மருந்துக் கடையில் தானே வாங்கிப் பூசிய ஸ்டீராய்டு களிம்பையும் எடுத்துக் காட்டினார். "ஒரு வாரம் மாம்பழ கலரா இருந்திச்சு. அப்பறம் டபுள் அரக்கு." டாக்டர் அதைப் பிடுங்கிக் குப்பையில் போட்டார். கந்தக லோஷனும் டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூலும் எழுதினார். கேப்ஸ்யூலைப் பாலோடு விழுங்கக் கூடாது என்று நான் மூன்று முறை சொன்னேன். வெயில், ஆவி, காரம், சூடான பானம் என்று முகத்தைச் சிவக்க வைக்கும் நான்கு காரணங்களையும் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்து, எது எப்போது சிவக்க வைக்கிறது என்று குறிக்கச் சொன்னேன். அடுத்த வியாழன் நோட்டு வந்தது.

"காலை, சுடு காப்பி. குங்குமம்.
பட்டறை ஆவி. அரக்கு.
காரக் குழம்பு. மெரூன்.
பகல், வாலாஜாபாத் பஸ். அவ வரல. அரக்கு."

கடைசி வரி மட்டும் தினமும் இருந்தது.

"வெயில்ல நிக்காதீங்க மாஸ்டர். நிழல்ல நின்னு பாருங்க."

"நெழல்ல நின்னா, எறங்கறவளுக்கு நான் எப்பிடிமா தெரிவேன்?"

மூன்றாம் மாதம் முகம் வெங்காயச் சருகு நிறத்துக்கு இறங்கியிருந்தது. அப்போதுதான் ஜன்னலில் ஒரு அம்மாள் வந்து நின்றாள்.

"எம் புருஷனுக்கு நீதான் குடிய மறக்க மாத்திரை குடுக்கறியாமே?"

மாஸ்டர் என்னிடம் பார்க்கக் கொடுத்திருந்த நோட்டை நீட்டினேன். எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே போனவளின் விரல் 'அவ வரல'வில் நின்றது. பக்கம் பக்கமாகத் திருப்பினாள். எல்லாப் பக்கத்திலும் நின்றது.

"மூஞ்சிய வெயில்ல வாட்டிக்கினு நின்னுருக்குது பாரு, மனுசன்," என்று மூக்கை உறிஞ்சினாள். வாலாஜாபாத் பஸ்ஸை அன்று அவள் பிடிக்கவில்லை.

அடுத்த வாரக் குறிப்பு: "ஆறின காப்பி. கலர் இல்ல. ருசியும் இல்ல. ஆனா அவ போட்டது."

அந்த நோய் அடியோடு போகாது, வந்து வந்து போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் நோட்டும் நிற்கவில்லை. எனக்குத்தான் மாற்றல் வந்தது.

மெட்ராஸில் வேலைக்குச் சேர்ந்த வாரமே தபாலில் ஒரு தாள் வந்தது, நோட்டிலிருந்து கிழித்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

"மெட்ராஸ் பஸ். மருந்தம்மா போயிடுச்சு. நெழல்லதான் நின்னேன். அரக்கு."