நண்டுக் குழம்பும் நிவேதிதாவின் தலைவலி மாத்திரையும்

மேனாம்பேடு,
வியாழக்கிழமை.

மதிப்பிற்குரிய சம்பந்தி அய்யாசாமி அவர்களுக்கு, பக்தவத்சலம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். தங்கள் மகள் நிவேதிதாவும் நலம். அவளை மட்டும் தனியாகக் குறிப்பிட்டதற்காகப் பதற வேண்டாம். உட்கார்ந்து படிக்கவும்.

ஞாயிறு மதியம், தங்கள் மாப்பிள்ளை கிஷோர் ஆபீஸ் வேலையாக ஹைதராபாத் போயிருந்தபோது, நானே நண்டுக் குழம்பு வைத்தேன். மருமகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கை கழுவப் போனவள் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறத் திரும்பி வந்தாள். காரம் கூடிவிட்டதோ என்று நான் தயிரை நீட்ட, என் மனைவி நாகம்மாள் அதைப் பிடுங்கி வைத்துவிட்டு எதிர்வீட்டு வேம்புலியின் ஆட்டோவைக் கூப்பிட்டாள். நெரிசலில் வேம்புலி, "சும்மா குந்திகினு கீறியே பெர்சு, பொண்ணு மூச்சு உடுதா பாரு" என்றார். பார்த்தேன். விட்டாள், விசில் சத்தத்தோடு.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரேஷ்மா தொடையில் ஊசி போட்டார். அடைத்திருப்பது தொண்டையாயிற்றே என்றேன். என்னைச் சுவரோரம் நிற்கச் சொன்னார். பலனில்லை. இன்னொரு ஊசி. அதற்கும் இல்லை. பிரஷர் இறங்கிக்கொண்டே போனது. வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாளா என்று கேட்டார். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கமே கிடையாது என்றேன். நிவேதிதா விரலால் நெற்றியைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். தலையெழுத்து என்கிறாள் என்று நான் அழுதேவிட்டேன். டாக்டர் மட்டும் குனிந்து, "ஒத்தத் தலைவலிக்கு தினமும் மாத்திரை எடுக்கிறீங்களா?" என்றார். அவள் தலையசைத்தாள். உடனே வேறொரு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். நாங்கள் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றோம். மெல்ல மெல்ல விசில் அடங்கியது. கண்ணைத் திறந்து, "மாமா, அடுப்ப அணைச்சீங்களா?" என்றாள். அணைக்கவில்லை, சம்பந்தி.

டாக்டர் பிறகு விளக்கினார். முதல் மருந்து செல்லுக்குள் நுழைவதே இல்லையாம். செல்லின் மேல் சேதி வாங்கவென்றே உள்ள ஏற்பியில் போய் உட்காருமாம். உடனே உள்ளே இரண்டாம் தூதர்கள் என்னும் மூலக்கூறுகள் ஏராளமாகக் கிளம்பி, மூச்சுக்குழாயை விரிக்கவும் இதயத்தை முடுக்கவும் சேதி சொல்லுமாம். அந்த ஏற்பிகளில் தலைவலி மாத்திரை முன்பே இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டது. அடுத்த மருந்து வேறு ஏற்பி வழியாக அதே தூதர்களை எழுப்பியது. "சேதி உள்ள போகணும் சார், எந்த வழியா போனா என்ன" என்றார். கும்பிட்டேன்.

நிவேதிதா வீடு திரும்பிவிட்டாள். தாங்கள் பதறிப் புறப்பட வேண்டாம். குற்றம் முழுக்க என் நண்டுடையது; இனி அது இந்த வாசல் ஏறாது. தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் எங்கள் அன்பு.

தங்கள்,
பக்தவத்சலம்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. நண்டு நிரபராதி. குழம்பில் அரைத்துவிட்ட முந்திரிதான் ஒவ்வாமைக்குக் காரணமாம், தாங்கள் பண்ருட்டியிலிருந்து மகளுக்கென்று ஆசையாய் அனுப்பியது. ஆகவே அவசியம் புறப்பட்டு வரவும். வெறுங்கையோடு வரவும்.