உருண்டையின் வால்

பாப்பா மீன்தொட்டி முன்னால் உட்கார்ந்து ரொம்ப நேரமாகிவிட்டது. மூக்கு கண்ணாடியில் ஒட்டும் அளவுக்குக் குனிந்து, உள்ளே சுற்றிக்கொண்டிருந்த மீனை அப்படி ஒரு பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். டி.வி. இல்லை, பாட்டு இல்லை, "பசிக்குது" இல்லை. அந்த வீட்டில் அவள் இவ்வளவு நேரம் சும்மா இருந்தால், ஒன்று காய்ச்சல், இல்லையென்றால் எதையோ உடைத்திருக்கிறாள்.

சோபாவில் செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி, அதன் ஓரமாக எட்டி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார் அவள் அப்பா.

"என்னடா கண்ணு பண்றே?"

"ஹோம்வொர்க்."

"மீனைப் பாக்கறதா ஹோம்வொர்க்?"

"ஆமா. கவனிப்பு வகுப்புக்கு. ஏதாவது ஒன்னை, முன்னப்பின்ன பாத்ததே இல்லைங்கற மாதிரி உத்துப் பாக்கணும். மிஸ் சொன்னாங்க."

"சரி, பாத்தாச்சு இல்ல? போய் விளையாடு."

பாப்பா தலையைக்கூடத் திருப்பவில்லை. "இந்த மீன்ல ஏதோ சரியில்லைப்பா" என்றாள்.

அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார்.

அவர் காப்பீட்டுக் கம்பெனியில் ஆய்வாளர். கடை எரிந்துவிட்டது, கார் நசுங்கிவிட்டது, கூரை பறந்துவிட்டது என்று யார் வந்து அழுதாலும், நேரில் போய்ப் பார்த்து, நிஜமா புளுகா என்று சொல்வது அவர் வேலை. அலுவலகத்தில் அவருக்கு மோப்பக்காரர் என்று பெயர். அழுகிறவர் கண்ணைப் பார்க்க மாட்டார், கையைப் பார்ப்பார். பொய் சொல்கிறவன் கை சும்மா இருக்காது என்பது அவர் கட்சி. இப்போது அவர் கையில் செய்தித்தாள் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். போன வாரக் கடைசியில் மனைவியும் பாப்பாவும் மனைவியின் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார்கள். கிளம்பும்போது பாப்பா அவரை உட்காரவைத்துப் பாடம் எடுத்திருந்தாள். "உருண்டைக்குச் சாப்பாடு மட்டும் போடுங்க. வேற எதுவும் பண்ணாதீங்கப்பா."

உருண்டை என்பது மீன். ஆரஞ்சு நிறம், கொழுகொழுவென்று இருக்கும், அதனால் அந்தப் பெயர்.

சொன்னதோடு விட்டிருக்கலாம் இந்த மனுஷர். தொட்டி பாசி பிடித்திருக்கிறதே, பாப்பா வரும்போது பளிச்சென்று இருக்கட்டுமே என்று பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பாத்திரம் கழுவுகிற சோப்பை எடுத்தார். தேய் தேய் என்று தேய்த்தார். நுரை போனதா என்று பார்க்கிற பொறுமை இல்லை. தொட்டி பளபளவென்று மின்னியது. மீன்தான் மல்லாந்து கிடந்தது.

பார்க்கச் சகிக்காமல் கண்ணை மூடிக்கொண்டே அதைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். அப்புறம்தான் மூளை வேலை செய்தது. மீன் கடைக்கு ஓடினார்.

"செத்த மீனைக் கொண்டாந்திருந்தா அச்சு அசலா அதே மாதிரி புடிச்சுக் குடுத்திருப்பேனே சார்" என்றான் கடைக்காரன்.

"அது போயிடுச்சுய்யா. இந்தா, போட்டோ இருக்கு."

பொருளை நேரில் பார்க்காமல் போட்டோவை நம்பாதே என்று அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுக்கிற ஆள்தான் இவர். பாப்பாவின் பிறந்தநாளன்று எடுத்த படத்தில் உருண்டை தெளிவாக விழுந்திருந்தது. ஆரஞ்சு உடம்பு, வால் நுனியில் ஒரு சொட்டு வெள்ளை. கடைக்காரன் வலையை விட்டுத் துழாவித் துழாவி, கடைசியில் அதே மாதிரி வெள்ளை வாலோடு ஒன்றைப் பிடித்துக் கொடுத்துவிட்டான்.

திரும்பி வந்த பாப்பா செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "உருண்டை நல்லா இருந்தானா?"

"ஜம்முனு இருந்தான்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் இப்போது தொண்டையில் முள்ளாக நின்றது. ஏனென்றால் "எங்க அப்பா பொய்யே சொல்ல மாட்டார், பொய் சொல்றவங்களைப் பிடிக்கறதுதான் அவர் வேலை" என்று பாப்பா பள்ளிக்கூடம் பூராவும் பீற்றிக்கொண்டிருந்தாள். மீன் போனால் வேறு மீன் வாங்கலாம். அந்தப் பேச்சு போனால் எந்தக் கடையில் போய் வாங்குவது?

"என்ன சரியில்லை?" என்று இழுத்தார்.

"வால் நுனியில வெள்ளையா இருக்கு."

அப்பாடா என்று இருந்தது அவருக்கு. இதற்குத்தானே ஆதாரம் கையில் இருக்கிறது! "எப்பவும் இருந்ததுதானே? இரு, காட்டறேன்." செல்போனை எடுத்துப் பிறந்தநாள் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "பாரு. அதே வால், அதே வெள்ளை."

பாப்பா படத்தைப் பார்த்தாள். மீனைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள். அவள் கண் இரண்டும் விரிந்தன.

"அதான்ப்பா!" என்று கிசுகிசுத்தாள். "அதேதான்!"

பிறகு அப்பாவை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். இருபது வருஷமாகப் பலபேரை அவர் பார்த்த அதே பார்வை.

மனைவியிடம் மெல்லத் துப்புத் துலக்கினார். "அது என்ன கவனிப்பு வகுப்பு? குழந்தைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?"

"நல்லதுதானேங்க. மூச்சைக் கவனி, சத்தத்தைக் கவனி, எதையும் விளையாட்டா யோசிச்சுப் பாருன்னு சொல்லித்தர்றாங்க. நாங்க ஊருக்குப் போறதுக்கு முன்னாடி, வீட்டுல எதையாவது மாத்தி வெச்சுட்டு யார் கவனிக்கறாங்கன்னு பாக்கச் சொன்னாங்களாம். என் சீப்பைக் கொண்டுபோய் முட்டை வைக்கற இடத்துல வெச்சிருந்தா. நான் உடனே கண்டுபிடிச்சுட்டேன்."

"எனக்கு எதை மாத்தினா?"

"அதை நீங்கதான் கண்டுபிடிக்கணும். அன்னிக்கு ஸ்கூலுக்கு ரெண்டு தண்ணி பாட்டில் வேணும்னு அடம்பிடிச்சு எடுத்துட்டுப் போனா, அதுவே எனக்கு இன்னும் புரியலை."

மோப்பக்காரருக்குப் பாட்டிலா முக்கியம்? தன்னிடம் எதை மாற்றியிருக்கிறாள் என்று தெரியாமல் மண்டை காய்ந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். பெல்ட்டைப் பார்த்தார். அலுவலகத்துக்குக் கிளம்பும்போது இரண்டு ஷூவும் ஒரே ஜோடிதானா என்று குனிந்து பார்த்ததில் இடுப்புப் பிடித்துக்கொண்டது. வாசலில் பாப்பா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இன்னும் கண்டுபிடிக்கலையாப்பா?"

அன்று சாயங்காலம் ஒரு உருளைக்கிழங்கை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார். "எத்தனை நாள்தான் மீனையே பாப்பே? இதைப் பாரு. எவ்ளோ அழகா இருக்கு."

பாப்பா மறுக்கவில்லை. கையில் வைத்து உருட்டினாள், முகர்ந்தாள், காதில் வைத்துக் கேட்டாள். மறுநாள் தீர்ப்பு வந்தது. "உருளைக்கிழங்கு நேத்து இருந்த மாதிரியே இருக்குப்பா. மீன்தான் மாறிப்போச்சு."

இது வேலைக்கு ஆகாது என்று மீன் கடைக்குப் போய்த் தொட்டிக்குள் வைக்கிற கோட்டை ஒன்றும், பிளாஸ்டிக் செடி ஒரு கட்டும் வாங்கி வந்தார். எல்லாவற்றையும் உள்ளே திணித்ததும் மீன் எங்கே இருக்கிறதென்று அவருக்கே தெரியவில்லை. நிம்மதியாகக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், மனைவி இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"விளக்குமாறு வாங்கிட்டு வாங்கன்னு எத்தனை தடவை சொன்னேன், மறந்துடறீங்க. மீனுக்குக் கோட்டை வாங்கத் தெரியுது. என்ன தப்புப் பண்ணினீங்க?"

"ஏம்மா, மீன் மேல எனக்குப் பாசம் இருக்கக்கூடாதா?"

"அதோட பேரு என்ன, சொல்லுங்க பாப்போம்."

"குண்டு... இல்ல, உருண்டை!"

மனைவி, 'இரு, உன்னை அப்புறம் கவனிச்சுக்கறேன்' என்பது போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். பாப்பாவோ கோட்டையின் ஜன்னல் வழியாக மீனைப் பார்த்தபடி, "ஏன்ப்பா இவனை ஒளிச்சு வைக்கறீங்க?" என்று கேட்டுவைத்தாள்.

அடுத்த நாள் அவளே வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, உங்க முகமே சரியில்லை. வாங்க, மூச்சு விளையாட்டு விளையாடலாம்."

தரையில் மல்லாக்கப் படுக்கச் சொன்னாள். அவர் தொப்பையின் மேல் தன் பொம்மை யானையை நிற்கவைத்தாள். "மூச்சை மெதுவா இழுங்க. யானை மேல போகும். விட்டா கீழ வரும். அதைத் தூங்கவைக்கணும், அதான் விளையாட்டு."

யானை தூங்குவதாக இல்லை.

"ஏன்ப்பா யானை இப்படிக் குதிக்குது?"

"அது... புது இடம் பாரு, அதான்."

"சரி, மனசுல என்ன வருதுன்னு பாருங்க. எது வந்தாலும் தள்ளிவிடக் கூடாது. வந்துட்டுப் போகட்டும்."

"ஒன்னும் வரலைடா."

"ஏதாவது வரும்ப்பா. எனக்கு மீன் வருது. உங்களுக்கு?"

யானை தொப்பையிலிருந்து சறுக்கித் தலைகுப்புற விழுந்தது.

பாப்பா யானையை எடுத்துத் தடவிக்கொடுத்தாள். "பரவாயில்லைப்பா. எல்லாம் வெள்ளிக்கிழமை தெரிஞ்சுடும்."

"வெள்ளிக்கிழமை என்ன?"

"அப்பா அம்மா எல்லாரும் எங்க வகுப்புக்கு வரணும். அவங்கவங்க கண்டுபிடிச்சதை எல்லார் முன்னாடியும் சொல்லணும். நான் ஒன்னு கண்டுபிடிச்சுட்டேன். யாருமே கண்டுபிடிக்காதது."

அதற்குப் பிறகு மோப்பக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு, வெள்ளிக்கிழமை பாப்பாவுக்கு உடம்பு சரியிருக்காது என்று சொல்லப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை சரியிருக்காதுன்னு இப்பவே எப்படி சார் தெரியும்?" என்று மிஸ் கேட்டதும் போனை வைத்துவிட்டார். இதே கேள்வியை எத்தனை பேரிடம் அவரே கேட்டிருக்கிறார்!

வெள்ளிக்கிழமை வந்தேவிட்டது.

வகுப்பில் பெரியவர்கள் எல்லாரும் குட்டிக் குட்டி நாற்காலிகளில், முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் ஓரத்தில் பெரிய கண்ணாடி ஜாடி ஒன்று. அதில் ஏதோ ஒரு மீன். பக்கத்தில் வகுப்பு ஆயா தீனி டப்பாவோடு நின்றிருந்தாள். மீன் என்றாலே நடுங்குகிற நிலைமையில் இருந்த மோப்பக்காரர் முகத்தைச் சட்டென்று அந்தப் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

குழந்தைகள் ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். ராத்திரியில் ஃப்ரிட்ஜ் பெருமூச்சு விடுகிறது என்றது ஒன்று. கோபம் முதலில் காதில்தான் வருகிறது, அப்புறம்தான் கைக்கு வருகிறது என்றது இன்னொன்று. "எங்க அம்மா போன்ல பேசும்போது நல்லா சிரிக்கறாங்க, வெச்சதும் திட்டறாங்க" என்று ஒரு பொடியன் சொன்னபோது அவன் அம்மா நாற்காலிக்கடியில் எதையோ தேடினாள்.

பாப்பா எழுந்து வந்தாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"நான் கண்டுபிடிச்சது எங்க வீட்டு மீனைப் பத்தி. எங்க அப்பாவுக்குக்கூட இது தெரியாது. எங்க அப்பாவுக்குத் தெரியாததே கிடையாது, ஆனா இது..."

அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. விருட்டென்று எழுந்தார். நாற்காலியும் கூடவே எழுந்தது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, எல்லார் முன்னாலும் போய் அவள் எதிரில் மண்டி போட்டார்.

"வேண்டாம்டா கண்ணு. நானே சொல்லிடறேன். உன் மீனைக் கொன்னது நான்தான். சோப்புப் போட்டுத் தொட்டியைக் கழுவிட்டேன். ஆசையாத்தான் பண்ணினேன், அது செத்துப்போச்சு. போட்டோவைக் காட்டி அதே மாதிரி வேற ஒன்னு வாங்கி விட்டேன். ஜம்முனு இருந்தான்னு உன்கிட்ட பொய் சொன்னேன். உங்க அப்பா பொய் சொல்லுவான்டா. நீ என்னை நம்பாமப் போயிடுவியோன்னு பயந்து செத்துட்டேன்."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. மனைவி, "அந்தச் சோப்பு! அதான் ஒரு பாட்டில் சோப்பைக் காணோம்னு பாத்தேன்!" என்றாள்.

பாப்பா அழவில்லை. அவருடைய ஈரக் கன்னத்தைத் தன் சின்னக் கையால் துடைத்தாள். முகத்தில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் தெரிந்தது.

"அப்ப அது தானா மாறலையா?" என்றாள். "நான் தினமும் உத்துப் பாத்துப் பாத்துத்தான் அதுக்கு வெள்ளை வால் வந்து, உருண்டை மாதிரியே ஆயிடுச்சுன்னு சொல்ல வந்தேன்!"

"உருண்டை மாதிரியா?" மோப்பக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு விழித்தார். "அப்ப நான் கழுவினப்போ தொட்டியில இருந்தது..."

ஜன்னல் பக்கத்திலிருந்து தீனி டப்பா கீழே விழுகிற சத்தம் கேட்டது.

"என்ன சார் சொல்றீங்க, நீங்க கவனிக்கறீங்களான்னு பாக்க உருண்டையைப் பாப்பா ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே பாட்டில்ல கொண்டாந்து இந்த ஜாடியில மாத்தி விட்டுட்டாளே," என்று அலறினாள் ஆயா, "அப்ப நீங்க சோப்புப் போட்டுக் கொன்னது எங்க வகுப்பு மீனையா?"