மாப்பிள்ளையை அவித்த ஜீப்

சில பேருக்குக் கனவில் சாமி வரும், சில பேருக்குக் காதலி வருவாள். எனக்கு இஞ்சின் வரும். வெள்ளவத்தைக் கடற்கரையோரம் ஒரு பிளாட்டில் இருந்துகொண்டு, மலைப்பக்கமே போகாத என் பழைய ஜீப்புக்கு ஒரு பெரிய டீசல் இஞ்சின் வைக்கவேண்டும் என்று கண்ணைத் திறந்துகொண்டே கனவு கண்டவன் நான். (பைத்தியம் என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. அம்மா அப்போதே சொல்லிவிட்டா.)

கொட்டாஞ்சேனையில் கராஜ் வைத்திருக்கும் நவாஸ் நானாவும் என்னைப் போல ஒரு கனவுக்காரர். அக்காவின் கல்யாணத்துக்கு முதல்நாள்தான் புது இஞ்சின் ஜீப்புக்குள் இறங்கியது. இருந்த இடம் முழுவதையும் அதுவே பிடித்துக்கொண்டதால், ரேடியேட்டருக்குப் பின்னால் ஃபேன் பூட்ட இடமில்லை.

"ஓடிக்கிட்டே இருந்தா ஒண்டும் ஆகாது தம்பி, காத்துல குளிரும். நிப்பாட்டினாத்தான் கொதிக்கும்," என்றார் நானா. "பொறகு வேற ஃபேன் ஒண்டு போட்டுத் தாறன்."

கொழும்பில் நிற்காமல் ஓடுகிற வாகனம் எது என்று இரண்டு பேருக்குமே யோசிக்கத் தோன்றவில்லை.

எங்கள் வழக்கத்தில் பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைத் தோழன். மாப்பிள்ளையை வீட்டிலிருந்து கூட்டிவந்து, வெள்ளவத்தை மண்டப வாசலில் கால் கழுவி உள்ளே அழைத்துப்போவது என் பொறுப்பு. சாதகம் பொருந்தாமல் வருடக்கணக்காக இழுபட்டு வந்த கல்யாணம் அது. இந்த முகூர்த்தம் தவறினால் ஆடி முடியும்வரை நல்ல நாளே இல்லை என்று ஐயர் சொல்லியிருந்தார்.

"எதில எண்டாலும் வா. அவரை நேரத்துக்குக் கொண்டு வந்தாக் காணும்," என்றா அக்கா.

கொட்டாஞ்சேனை வீட்டில் பட்டு வேட்டி, தலைப்பாகை, மாலை சகிதம் அத்தான் ஜீப்பில் ஏறினார். அவருடைய ஆட்கள் வான் வண்டியில் முன்னே போய்விட்டார்கள். புறக்கோட்டையில் ஒரு லொறி குறுக்கே நின்று வீதியை அடைத்தது. சூடு காட்டும் முள் சிவப்பை நோக்கி ஏறியது. பதறிப்போய் நானாவுக்குப் போன் எடுத்தேன்.

"ஹீட்டரப் போடுங்க தம்பி! இஞ்சின்ட சூடு உள்ளுக்கு வந்துடும்!"

(ஹீட்டர்! கொழும்பில் பிறந்த எவனும் தொட்டிராத திருகி அது.) திருகினேன். இடியப்பப் பானையைத் திறந்த மாதிரிச் சூடு முகத்தில் அடித்தது.

"மச்சான், இது ஏசியோ?"

"இல்லை அத்தான், ஹீட்டர்."

"ஏனடாப்பா?"

"இஞ்சின் அவியாமல் இருக்க."

"அப்ப நான்?"

லொறி ஒருவழியாக விலகி ஓடத்தொடங்கினாலும், கண்ணாடியை இறக்கினால் தலைப்பாகை பறக்கும். சந்தனப் பொட்டு மூக்கு வழியாக இறங்கத் தொடங்கியது.

மரைன் டிரைவில் திரும்பியதும் வீதி வெறுமையாகக் கிடந்தது. தண்டவாளத்துக்கு அப்பால் கடல் காலை வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. முள் மெல்ல மெல்ல இறங்கியது. இஞ்சின் அடித்தொண்டையில் முனகியது, ஐயோ, கனவில் கேட்ட அதே சத்தம்! கடல் எங்களோடேயே கூட வருவதுபோலிருந்தது. கல்யாணம், முகூர்த்தம், பக்கத்தில் அவிகிற மனிதர், எல்லாம் எங்கேயோ தூரத்தில் போய்விட்டன. சக்கரம் நிலத்தில் படுகிறதா என்றுகூட எனக்குச் சந்தேகம்.

"மச்சான்," அத்தானின் குரல் ஈனமாக வந்தது. "மண்டபம் பின்னாலை போட்டுது."

வெள்ளவத்தையைத் தாண்டித் தெஹிவளை வந்திருந்தது.

திருப்பி ஓட்டிவந்து வாசலில் நிறுத்தியதுதான் தாமதம், பொனட்டிலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. நாதஸ்வரம் பாதியில் நின்றது. "உன்னைப் பிறகு பாக்கிறன்," என்று அப்பா பல்லைக் கடித்தார். நான் செம்பை எடுத்து அத்தானின் காலில் தண்ணீர் வார்த்தேன். வழக்கப்படி என் விரலில் மோதிரத்தைப் போட்டுவிட்டு, அவர் காதோடு சொன்னார்:

"காலோடை நிப்பாட்டாதை. தலையிலையும் ஊத்து."

முகூர்த்தம் முடியப்போகிற நேரத்தில் தாலி ஏறியது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கனடாவில் நேரலையாகப் பார்த்த பெரியம்மா, "மாப்பிள்ளை என்ன மாதிரிக் கண்ணீர் விட்டுத் தாலி கட்டினார்!" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டா. இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை விறைத்துப்போய் இருந்தால், "இவரையும் ஒருக்கா ஜீப்பில ஏத்துங்கோ," என்று யாராவது சொல்லாமல் விடுவதில்லை.

அக்காவும் எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பா. போன தடவை மட்டும் என் பக்கம் திரும்பிச் சொன்னா:

"வேர்வை ஹீட்டராலை எண்டு எனக்குத் தெரியாதே? ஆனா மணவறையில என்னைக் கண்ட உடனை அந்த மனுசன் சிரிச்சவர். அதுக்கு உன்ர இஞ்சின் ஒண்டும் செய்யேல்லை."