பிரபுவின் கடைசிப் பதினாறு பக்கங்கள்

இந்த வீட்டில் இனி ஒன்று நான் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தப் பிரபு இருக்க வேண்டும். போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டே எடுத்த முடிவு இது. வாய் நிறைய நுரை இருந்ததால் சத்தமாகச் சொல்லவில்லை.

பிரபு யார் என்று கேட்பீர்கள். என் மனைவி நூலகத்திலிருந்து எடுத்து வந்த நாவலின் கதாநாயகன். இருநூறு வருஷத்துக்கு முந்திய சீமைக் கதை. பெரிய மாளிகை, குதிரை வண்டி, பூட்டியே கிடக்கும் ஓர் அறை, யாரோ இடது கையால் எழுதிய கடிதம், குடும்பமே சேர்ந்து மறைக்கும் ஒரு ரகசியம். அந்த வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தர வந்த பெண்மேல் பிரபுவுக்குக் காதல். காதலித்துத் தொலையட்டும். ஆனால் மனைவி சொன்னபடி, முந்நூறு பக்கத்தில் அவளை ஒரே ஒரு தடவைதான் தொடுகிறான். அதுவும் வண்டியிலிருந்து இறக்கிவிடும்போது, கையுறை போட்டுக்கொண்டு. கொஞ்சம் முன்னே பின்னே நடந்துகொண்டிருந்தால், "குடும்பத்தில் படிக்கிற புத்தகமா இது?" என்று பிடுங்கிப் போட்டிருப்பேன். பாவி அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

எனக்குப் பொறாமைதான். என் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள். தினம் நாற்பது பேரை ஊசியால் குத்திவிட்டு, ஒன்றுமே நடக்காத முகத்தோடு வீட்டுக்கு வருவாள். அப்படிப்பட்டவள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, அந்தப் புத்தகத்தைப் பார்த்துத் தானாகச் சிரிக்கிறாள். பெருமூச்சு விடுகிறாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என்னைப் பார்த்து அவள் விட்ட பெருமூச்செல்லாம் வேறு வகை.

"என்ன அழகாக் கடிதாசி எழுதறார் தெரியுமாங்க?" என்றாள் ஒருநாள்.

"அந்தக் காலத்துல போன் இல்ல. வேற வழியில்லாம எழுதினான்."

"உங்ககிட்ட போன் இருக்கே. நேத்து எனக்கு என்ன எழுதி அனுப்புனீங்க?"

யோசித்துப் பார்த்தேன். 'பால்' என்று அனுப்பியிருந்தேன்.

வாய்ப்பு தானாக வந்தது. படித்துப் படித்துப் புத்தகத்தின் முதுகு பிய்ந்துவிட்டது. நான் பைண்டர். சொந்தக் கடை. "நூலகத்துப் புத்தகங்க, பத்திரமாத் தைச்சுக் கொடுங்க. இன்னும் கடைசி அத்தியாயம்தான் பாக்கி" என்று என் கையிலேயே கொடுத்தாள். பிரபுவைக் கைக்குட்டையில் சுற்றி எதிரியிடம் ஒப்படைத்த மாதிரி இருந்தது எனக்கு.

தையலைப் பிரித்தால் புத்தகம் பாரம் பாரமாகக் கழன்று வரும். ஒரு பாரம் என்பது பதினாறு பக்கம். மொத்தம் இருபது பாரம். பத்தொன்பதை எடுத்துத் தைத்தேன். இருபதாவதைக் கடை மேஜை டிராயருக்குள் தள்ளினேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரிகூடப் பார்க்கவில்லை. அவன் முகத்தில் விழிக்க எனக்கு இஷ்டமில்லை. தொழிலில் ஒரு தாள்கூடத் தவறவிட்டதில்லை என்று பெயர் எடுத்தவன், அன்றைக்கு அந்தப் பாவத்தையும் செய்தேன்.

முடிவில்லாத புத்தகத்தை வெறுத்துப்போய் நூலகத்தில் வீசிவிட்டு வருவாள் என்பது என் கணக்கு. கதை முந்நூற்று நான்காம் பக்கத்தில், பாட்டியம்மாள் அந்தப் பூட்டிய அறையைத் திறந்து, "பிரபுவின் உண்மையான தகப்பனார்" என்று ஆரம்பித்த இடத்தில் நின்றுவிட்டது. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எதிர்வீட்டுத் தையல்கார அக்காவைக் கூப்பிட்டாள். அவர்களும் இதே புத்தகத்தைப் படித்தவர்கள்தான், ஆனால் பாதிவரைக்கும். அன்று மாலையிலிருந்து எங்கள் கூடத்தில் விசாரணை நடந்தது. தகப்பன் யார், கடிதம் எழுதியது யார், பிரபு சொத்துக்கு வாரிசுதானா. முடிந்த புத்தகம் நூலகத்துக்குப் போய்விடும். முடியாத புத்தகம் வீட்டிலேயே தங்கிவிடும் என்பது எனக்குத் தோன்றாமல் போயிற்று. காலைக் காப்பியில் பிரபு. மாலைத் துணி மடிக்கையில் பிரபு.

பொறுக்க முடியாமல் நானும் வாயைத் திறந்தேன். பிரபு போலி, உண்மையான வாரிசு வேறு ஆள் என்றேன்.

"ஆதாரம்?" என்றாள் மனைவி.

ஆதாரத்துக்காகப் படிக்க ஆரம்பித்தேன். அங்கேதான் என் தலையெழுத்து மாறியது. மூன்று நாளில் முந்நூற்று நான்கு பக்கம். கடையில் ரசீதுப் புத்தகங்கள் தைக்காமல் குவிந்தன. சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்கு ஓடினேன். தோட்டக்காரன் இடக்கையன் என்று நான் சொல்ல, அவன் எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று அவள் மடக்க, பாத்திரம் கழுவிக்கொண்டே இரண்டு பேரும் வாதாடினோம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த எட்டு நாளும் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பிரபு என்ன, அவள் பேசுவது என்னோடுதானே என்று மார்பை நிமிர்த்திக்கொண்டேன். அப்புறம் தாங்கவில்லை. அந்தத் தகப்பன் யாரென்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது போலிருந்தது. ஒன்பதாம் நாள் காலை கடையைத் திறந்ததும் நேரே டிராயரைத்தான் இழுத்தேன்.

பாரத்தைக் காணோம்.

மேஜையைக் கவிழ்த்தேன். கழிவுத்தாள் மூட்டையைக் கொட்டினேன். பசைச் சட்டியைக்கூடத் தூக்கிப் பார்த்தேன். மத்தியானம் வீட்டுக்குப் போய், அன்றைக்கு விடுமுறையில் இருந்த மனைவி முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பொறாமையில் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள், பாரம் தொலைந்துவிட்டது என்றேன்.

"தொலையல. நான்தான் எடுத்தேன்" என்றாள், தலையணை உறையை மாற்றிக்கொண்டே. "தானா விழுந்தா ஒண்ணு ரெண்டு தாள் விழும். சரியாப் பதினாறு பக்கம், அளந்து எடுத்த மாதிரி போச்சுன்னா அது பைண்டர் வேலைதான்னு தெரியாதா? மறுநாளே கடைக்குச் சாப்பாடு கொண்டு வந்தேனே, நீங்க கை கழுவப் போன நேரத்துல எடுத்துட்டேன்."

"அப்ப முடிவு உனக்குத் தெரியுமா? எட்டு நாளாத் தெரிஞ்சுகிட்டேவா என்னோட வாதாடின?"

"நீங்க இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லீங்க. நிறுத்த மனசு வரல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிரபு தோற்றான். நான் ஜெயித்தேன். "சரி, அந்தப் பக்கங்களைக் கொடு, இப்பவே தைச்சுத் தர்றேன்" என்றேன்.

"காலையிலேயே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாச்சே. எதிர்வீட்டு அக்கா எடுத்துட்டாங்க. அவங்களுக்கு அப்புறம் பதினோரு பேர் காத்திருக்காங்க. உங்க பேரையும் எழுதி வச்சுட்டுத்தான் வந்தேன்."

"பத்தொன்பது பாரத்தோடவா கொடுத்த? பைண்டர்ங்கற என் பேரு என்ன ஆகிறது?"

"முழுசாத்தாங்க கொடுத்தேன். பஸ் நிலையத்துக்கிட்ட ஒரு பைண்டர் இருக்காரே, அவர் தைச்சுக் கொடுத்தார். என்ன மனுஷர்ங்க அவர்! முதல் பக்கத்துலேருந்து கதை முழுக்கச் சொல்லச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் ஊசியையே கையில எடுத்தார்."