நீலத்தை மீட்ட அவசரக் கூட்டம்

"நீ அனுப்புனதைத்தானேம்மா நான் அடிச்சேன்!"

"நான் அனுப்பினது நீலங்க. நீங்க அடிச்சது..."

"அதுவும் நீலந்தான்!"

"எது, இதுவா? கரண்ட் போன வீட்ல பார்த்தாக்கூட இதை யாரும் நீலம்னு..."

"அத்தான், இந்தம்மா பேசுற பேச்சைக் கேட்டீங்களா?"

ஒரு நிறத்தைக் காப்பாற்ற ஒரு நிர்வாகமே திரண்டெழுந்த நிகழ்ச்சி மனித குல வரலாற்றில் இதுவே முதன்முறை. அந்தக் கூட்டத்துக்குக் குறிப்பெழுதும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. சண்டை போட்டவர்களில் ஒருவர் எங்கள் குடிநீர் அலுவலகத்தின் வடிவமைப்பாளர். மற்றவர் அச்சக உரிமையாளர். 'அத்தான்' என்று அவர் அழைத்தது எங்கள் தலைவரை. தலைவரின் மனைவிக்கு அவர் உடன்பிறந்த தம்பி.

மேசையில் விரிந்து கிடந்தது சுவரொட்டி. 'உங்கள் குழாயில் தூய்மையின் நீலம்' என்று தலைப்பு. கீழே ததும்பி வழியும் பெரிய கண்ணாடித் தம்ளர். கைப்பேசியில் பார்த்தபோது அந்தத் தண்ணீர் கண்ணைப் பறித்தது. காகிதத்தில் அது பலமுறை துவைத்த பள்ளிச் சீருடை மாதிரி வெளிறி, கலங்கிக் கிடந்தது. மறுநாள் சுவரொட்டி வெளியீட்டு விழா. மேலதிகாரி வருகிறார். யாராவது ஒருவர் குற்றவாளியாக வேண்டும். மைத்துனரை விசாரிப்பது பாரபட்சமாகிவிடும் என்பதால், 'நடுநிலையான விசாரணை' வடிவமைப்பாளரிடமே தொடங்கியது. அவருடைய வேலைநீக்க உத்தரவு ஏற்கெனவே தட்டச்சாகி, கையெழுத்துக்காகத் தலைவரின் கையருகே காத்திருந்தது. எங்கள் அலுவலகத்தில் எதுவும் தாமதமாவதில்லை.

"சொல்லும்மா. என் நீலத்தை என்ன பண்ணே?" என்றார் தலைவர்.

"ஐயா, ஸ்கிரீன்ல தெரியறது வெளிச்சம். சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு வெளிச்சம் கலந்து வரும். அதுக்கு ஆர்ஜிபின்னு பேரு. மூணும் முழுசா சேர்ந்தா வெள்ளை."

"நல்ல ஒற்றுமை. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன்.

"காகிதத்துல வெளிச்சம் கிடையாதுங்க, மைதான். சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்புன்னு நாலு மை. அது சிஎம்ஒய்கே. சேரச் சேர இருட்டும். ஸ்கிரீன்ல இருக்கிற சில நீலம் மையில வரவே வராது."

தலைவர் கண்ணை மூடிச் சிந்தித்தார். அவர் சிந்திக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவது எங்கள் மரபு.

"மூணு பேர் சேர்ந்தா வெள்ளை. நாலாவதா ஒருத்தன் வந்ததும் இருட்டு. அப்போ கோளாறு அந்த நாலாவது ஆள்தானே? கறுப்பைத் தூக்குங்க!"

தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் பொறியாளர் உணர்ச்சிவசப்பட்டுக் கை தட்டினார்.

"தூக்கிட்டா எழுத்தெல்லாம் அழுக்குப் பழுப்பாயிடுங்கய்யா. தலைப்புக்குக் கீழே பெரிசா இருக்கிற உங்க பேரும்தான்" என்றார் வடிவமைப்பாளர்.

"வைங்க, வைங்க. கறுப்பு இருக்கட்டும்."

அடுத்து ஜனநாயகம். ஆர்ஜிபியை ஆதரிப்பவர்கள் கை தூக்கும்படி தலைவர் கேட்டார். பொறியாளர் இரண்டு கையையும் தூக்கினார்.

"தீர்மானம் நிறைவேறியது. மாப்ளே, மெஷின்கிட்ட சொல்லிடு, இனிமே ஆர்ஜிபிதான்."

"சொல்லிடறேன் அத்தான்."

"என்னன்னு சொல்வீங்க?" என்றார் வடிவமைப்பாளர். "ஐயா, நான் முதல்லயே சிஎம்ஒய்கேக்கு மாத்தி, அச்சுல இப்படித்தான் வரும்னு உங்களுக்குக் காட்டினேன். 'என்னம்மா அழுது வடியுது, பழையபடி பளபளன்னு போடு'ன்னீங்க."

"நானா? அது குறிப்புல இருக்கா?"

இல்லை. தலைவர் சொன்னதில் எதைக் குறிக்கக் கூடாது என்று தெரிந்திருப்பதால்தான் நான் இத்தனை காலமாக வேலையில் இருக்கிறேன்.

தலைவர் பேனாவைத் திறந்தார். வடிவமைப்பாளரின் முகத்தில் ஆர்ஜிபியிலும் சிஎம்ஒய்கேயிலும் அடங்காத ஒரு நிறம் வந்தது. ஆனால் எங்கள் தலைவர் நீதிமான். ஆதாரமில்லாமல் ஒருவர் வயிற்றில் அடிக்க மாட்டார்.

"தண்ணியோட அசல் நிறம் எதுன்னு கண்ணால பார்த்துடுவோம். அதுக்கும் இந்தம்மா அனுப்பின படத்துக்கும் எவ்வளவு வித்தியாசம்னு எல்லாரும் பார்க்கட்டும். நம்ம குழாய்லேர்ந்தே ஒரு தம்ளர் கொண்டாங்க!"

எங்கள் கூட்டங்களில் மூடி முத்திரையிட்ட பாட்டில் தண்ணீர்தான் வழக்கம். பொதுமக்களின் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கக் கூடாது என்ற தியாகம். வராந்தாக் குழாயை நானே போய்த் திறந்தேன். அது முதலில் இருமியது. பிறகு கொடுத்தது.

தம்ளரைச் சுவரொட்டியின் மேல், அச்சான தம்ளரை ஒட்டி வைத்தேன். பொறியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். அசல் எது, அச்சு எது என்று அவருக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதே வெளிறல். அதே கலங்கல்.

"அத்தான்!" மைத்துனருக்குக் குரல் தழுதழுத்தது. "அப்படியே இருக்கு அத்தான்! நம்ம மெஷின்!"

தலைவர் துளியும் கலங்கவில்லை. பெரிய மனிதர்களின் அழகே அதுதான்.

"பார்த்தீங்களா? அச்சு துல்லியம். சுவரொட்டிக்கு ஒப்புதல். இல்லாத பளபளப்பைக் காட்டி மக்களை ஏமாத்தப் பார்த்தது இந்தம்மாதான். எங்கே, அந்த உத்தரவை எடுங்க."

வடிவமைப்பாளர் தாமே உத்தரவை எடுத்து நீட்டினார். கூடவே தம்ளரையும் தலைவர் பக்கம் நகர்த்தினார்.

"கையெழுத்துப் போடுங்கய்யா, நான் வேணாங்கல. அதுக்கு முன்னாடி இதுல ஒரு மடக்கு குடிங்க."