தினம் முப்பத்தெட்டு கிராம் தூசி

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். அங்கே நீங்களும் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பி விசாரிப்பை இத்தோடு முடித்துக்கொள்கிறேன், விஷயம் அவசரம். போனில் சொல்லாமல் மாமா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பீர்கள். எனக்குக் காது மந்தமானதிலிருந்து நான் போனில் ரகசியம் பேசினால் கீழ்வீட்டுத் தையல்காரர் மேலே ஏறி வந்து அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போகிறார். மெசேஜ் அனுப்பலாமென்றால், எழுத்து பொடியாக இருக்கிறதென்று அதை எனக்குப் படித்துக் காட்டுபவளே உங்கள் அத்தைதான். ஆகவே தபால். பதிலும் தபாலிலேயே வரட்டும். உறையின் மேல் 'ஓய்வூதியர் சங்கம்' என்று எழுதிவிடுங்கள், அதை அவள் தொடவே மாட்டாள்.

அத்தையின் முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் வாங்கி அனுப்பினீர்களே, தானாகத் தரை கூட்டும் வட்ட மெஷின், அதன் பிரஷ் சுற்றுவதை நிறுத்தி இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. மெஷின் ஓடுகிறது, சுவரில் முட்டுகிறது, திரும்புகிறது, சத்தம் போடுகிறது, கூட்டுவதை மட்டும் செய்வதில்லை. என் பழைய ஆபீசில் இப்படி நாலு பேர் இருந்தார்கள், அவர்களுக்காக யாரும் கவலைப்பட்டதில்லை. இங்கே கவலைப்பட வேண்டியிருக்கிறது. மூன்று மாதம் குனியவே கூடாது என்று டாக்டர் சொன்னது உங்களுக்குத் தெரியும். உங்கள் அத்தையையும் உங்களுக்குத் தெரியும். மெஷின் படுத்துவிட்டது என்று தெரிந்த மறு நிமிஷம் அவள் கையில் துடைப்பம் இருக்கும். நீங்களே கூட்டக் கூடாதா என்று கேட்கலாம். மெஷின் வருவதற்கு முந்திய வாரம் அதையும் செய்து பார்த்தேன். நான் கூட்டி முடித்ததும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து, "கூட்டினீங்களா, இல்ல தூசிக்கு இடம் மாத்திக் குடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, துடைப்பத்தை வாங்கிக் குனிந்தாள். குனிந்தவள் நிமிர இருபது நிமிஷம் ஆயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு கதவு நிலையைப் பிடித்தபடி நின்றாள். அன்றைக்கு நான் பயந்த பயம் என் ஆயுசில் பயந்ததில்லை மாப்பிள்ளை. இன்னும் ஐந்து வாரம் பாக்கி இருக்கிறது. அதுவரைக்கும் இது அவளுக்குத் தெரியக் கூடாது.

இன்னொன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் கொடுத்தது என்பதால் அத்தை அந்த மெஷினையே 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுகிறாள். "மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா?" என்றால் சார்ஜ் ஏறிவிட்டதா என்று அர்த்தம். "மாப்பிள்ளை கட்டிலுக்கு அடியில போய் உக்காந்துட்டாரு, காலைப் பிடிச்சு இழுங்க" என்பாள். இதெல்லாம் தங்களைப் பற்றியதல்ல. கீழே நானும் பழக்கதோஷத்தில் அப்படி எழுதிவிட்டால் பொறுத்துக்கொள்ளவும்.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். ஹாலில் ஓடிக்கொண்டிருந்த மாப்பிள்ளை திடீரென்று நின்று, செய்தி வாசிக்கிற குரலில், "பிரதான பிரஷ் சிக்கியுள்ளது, சுத்தம் செய்யவும்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி அறிவித்தார். நல்லவேளை, அத்தை குளித்துக்கொண்டிருந்தாள். தூக்கிக்கொண்டு பின்பக்க பால்கனிக்கு ஓடி, ஒரு துண்டை விரித்து, மாப்பிள்ளையைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டு கிளிப்பை அமுக்கி மூடியைக் கழற்றி பிரஷை வெளியே எடுத்தேன். உள்ளே ஒரு சவுரிக்கு ஆகிற அளவுக்கு அத்தையின் தலைமுடி, நாலைந்து முழம் நூல், ஒரு ரப்பர் பேண்டு, மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள். என் பங்குக்கு ஒன்றும் இல்லை, என் தலை நீங்கள் பார்த்ததுதான். நகம் வெட்டும் கத்தரியால் எல்லாவற்றையும் நறுக்கி எடுத்தேன். இரண்டு முனையிலும் இருந்த மூடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டி, டக் டக்கென்று கிளிப்பைப் போட்டு, பட்டனை அமுக்கினேன். மாப்பிள்ளை கிளம்பினார், பிரஷ் கிளம்பவில்லை. கையால் சுற்றினால் ஜம்மென்று சுற்றுகிறது. மெஷின் சுற்றினால் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் எல்லாம் பழையபடி ஆகும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. பிடித்தேன். அதிலிருந்து அது பேசுகிற பாஷை என்னவென்றே எனக்குப் புரியவில்லை. அத்தை காதில் விழுந்து, "என்னங்க, மாப்பிள்ளை என்ன உளறுறாரு?" என்றாள். "வெளிநாட்டு பாஷை பழகுறாரு" என்றேன். ஒரு விதத்தில் அதுவும் நல்லதாகத்தான் போயிற்று, இப்போது அது என்ன குற்றம் சொன்னாலும் வீட்டில் யாருக்கும் விளங்காது.

அடுத்த நாள் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசினேன். அத்தைக்குக் கேட்கக் கூடாதென்று குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டுதான் பேசினேன். அந்தப் பெண் தங்கமான பெண், பொறுமையாக எல்லாம் கேட்டது. முடியை எடுத்தீங்களா, எடுத்தேன். முனையைத் துடைச்சீங்களா, துடைச்சேன். சார்ஜ் நிறைய இருக்கா, இருக்கு. கடைசியில், "சார், பின்னாடி தண்ணிச் சத்தமா கேக்குது, மெஷின் தண்ணியில விழுந்திருச்சா?" என்றது. இல்லம்மா, நான்தான் குளியலறையில இருக்கேன் என்றேன். "மெஷினும் உங்ககூட இருக்கா சார்?" இருந்தது, என்ன செய்ய, மடியிலேயே வைத்திருந்தேன். உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். "ஈரம் பட்டா வாரண்டி கிடையாது சார்" என்று சொல்லிவிட்டது. நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கதவு தட்டுகிற சத்தம். "உள்ள யாரோட பேசிக்கிட்டிருக்கீங்க?" பாட்டு என்றேன். நாற்பத்தொரு வருஷமாக நான் பாடி அவள் கேட்டதில்லை.

பிறகு கீழ்வீட்டுத் தையல்காரரிடம் கொண்டுபோனேன். அவர் தையல் மெஷினைத் தவிர எதையும் மெஷின் என்று ஒத்துக்கொள்ளாத ஆள். "சுத்தாத எதுவா இருந்தாலும் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டா சுத்தும் அண்ணே" என்று இருபது சொட்டு விட்டார். பிரஷ் சுற்றவில்லை. மாப்பிள்ளை மட்டும் மேலே வந்து, ஹாலிலிருந்து சமையலறை வரைக்கும் வழுவழுவென்று ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். அந்தக் கோட்டில் நான் ஒருமுறை வழுக்கி, நாற்காலியைப் பிடித்துத் தப்பித்தேன். அத்தை வழுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! சோப்பு போட்டு நாலு தடவை துடைத்தேன். "ஏன் தரையைத் துடைக்கிறீங்க?" "மாப்பிள்ளை பாலிஷும் போடுவாராம், சரியா போடுறாரான்னு பாக்கிறேன்."

இனி சொல்லப்போவதைத்தான் எழுதக் கை கூசுகிறது. நான் என்ன உத்தியோகம் பார்த்தவன் என்று உங்களுக்குத் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் எடை அளவு ஆய்வாளர். பித்தளை எடைக்கற்களைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி, தராசு தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன். தப்பென்று சொல்வதுதான் என் வேலை, ரிப்பேர் செய்வது வேறு ஆள். அந்தப் பழக்கம் போகாமல், மாப்பிள்ளை வந்த நாளிலிருந்து அவர் தினம் எடுக்கிற தூசியை என் சின்னத் தராசில் நிறுத்து வந்தேன். சராசரி முப்பத்தெட்டு கிராம். கூட்டி முடித்ததும் தூசிப் பெட்டியை அத்தையிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவள் எட்டிப் பார்த்து, "நல்லா உழைச்சிருக்காரு" என்று சொன்னால்தான் அன்றைய வேலை முடிந்ததாகக் கணக்கு. பிரஷ் நின்ற மறுநாள் பெட்டியில் நாலே கிராம். "என்ன இவ்வளவுதானா, மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுக்கொண்டே கட்டிலை விட்டு எழுந்தாள். அவள் எழுந்த வேகத்தைப் பார்த்ததும் எனக்கு உயிரே போய்விட்டது.

அன்றிலிருந்து ஆரம்பித்ததுதான் இந்தத் தில்லுமுல்லு. காலையில் பத்து மணிக்கு அத்தை படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது நிமிஷம் முதுகுப் பயிற்சி செய்வாள். நான் சத்தத்துக்காக மாப்பிள்ளையை ஓடவிட்டு, கையில் ஒரு சின்ன பிரஷும் குப்பை முறமுமாக முட்டி போட்டு அவர் பின்னாலேயே போய்க் கூட்டுகிறேன். கூட்டியதைத் தராசில் நிறுத்து, முப்பத்தெட்டு கிராம் எடுத்து, தூசிப் பெட்டியில் போட்டு, கொண்டுபோய்க் காட்டுகிறேன். முதல் நாள் எனக்கு இருபத்தொரு கிராம்தான் தேறியது. குறையை மாடிப்படித் தூசியால் நிரப்பினேன். அத்தை பெட்டியைப் பார்த்துவிட்டு, "நம்ம வீட்டுல நாய் ஏது, இந்தப் பழுப்பு முடி எங்க இருந்து வந்துச்சு?" என்றாள். காத்துல வந்திருக்கும் என்றேன். "மூணாவது மாடிக்கா?" மறுநாள் தையல்காரர் கடையிலிருந்து ஒரு பிடி வாங்கி வந்தேன். அதில் ஒரு பச்சைப் பட்டன் இருந்தது. "நம்ம வீட்டுல பச்சைச் சட்டை யாருக்கு இருக்கு?" என்று கேட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பட்டனுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத மாட்டேன், எனக்கே வெட்கமாக இருக்கிறது.

போதுமடா சாமி என்று முடிவு செய்தேன். வெளித் தூசி இனி வேண்டாம், ஒரு கிராம் ஆனாலும் சொந்த வீட்டிலேயே எடுப்பது. பீரோவை நகர்த்தினேன். பிரிட்ஜுக்கு அடியில் கையை விட்டேன். ஜன்னல் கம்பி, மின்விசிறி இறக்கை, கதவுக்கு மேலே இருக்கிற சட்டம், மனுஷன் கண் படாத இடத்தில் எல்லாம் இத்தனை வருஷமாக எவ்வளவு தூசி தெரியுமா மாப்பிள்ளை, நாம் பாட்டுக்குத் தெரியாமலே அதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறோம். இப்போது கை பழகிவிட்டது. நேற்று நாற்பத்தாறு கிராம். எட்டு கிராமை ரகசியமாகக் குப்பைக்கூடையில் கொட்டிவிட்டு முப்பத்தெட்டைக் கொண்டுபோனேன். கள்ள எடைக்காக எத்தனை கடைக்குச் சீல் வைத்தவன், இந்த வயதில் தூசியில் எடை மோசடி செய்கிறேன். கடைக்காரர்கள் யாராவது கேள்விப்பட்டால் நேரில் வந்து சிரித்துவிட்டுப் போவார்கள். நேற்று பெட்டியை நீட்டும்போது, "மெஷின் ஓடினா உங்களுக்கு ஏன் மூச்சு வாங்குது?" என்றாள். அதுக்குக் கண்ணு தெரியாது, பின்னாடியே நடந்து வழி காட்டுறேன் என்றேன். தன் டீயில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

ஆகையால் மாப்பிள்ளை, தாங்கள் படித்தவர், நாலு மெஷினைப் பார்த்தவர். பிரஷ் கையால் சுற்றுகிறது, மெஷினால் சுற்றவில்லை என்றால் கோளாறு எங்கே, மோட்டாரிலா, நான் மாட்டிய விதத்திலா, தையல்காரரின் எண்ணெயிலா என்று எனக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள். புதுச் சாமான் ஏதும் வேண்டுமென்றால் தையல்காரர் விலாசத்துக்கு அனுப்புங்கள். மகளிடம் சொல்ல வேண்டாம், அவள் வயிற்றில் எதுவும் தங்காது, அம்மாவிடம் வந்து சேர்ந்துவிடும். முட்டி இரண்டும் தேய்ந்து போனாலும் இந்த ஐந்து வாரத்தை ஓட்டிவிடுவேன். அவள் இன்னொரு முறை அப்படிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது, எனக்கு அவ்வளவுதான் வேண்டும்.

தாங்களும் மகளும் நோய்நொடி இல்லாமல், தங்கள் வீட்டில் சுற்ற வேண்டியதெல்லாம் ஒழுங்காகச் சுற்றி, ஒருவரிடம் ஒருவர் எதையும் ஒளிக்க வேண்டிய அவசியம் வராமல் நீடூழி வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

மாமா.

பி.கு.: படித்ததும் கிழித்துப் போடவும்.

மறு பி.கு.: மாப்பிள்ளை, இது அத்தை. கடிதம் பீரோவுக்கு அடியில் இருந்தது. நான்தான் குனிந்து எடுத்தேன்.

போன தடவை டாக்டரிடம் போனபோது உங்கள் மாமா மருந்து வாங்க வரிசையில் நின்றார். "முதுகு நல்லா ஆயிடுச்சும்மா, இனி வீட்டு வேலை எல்லாம் பாக்கலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது ஆயிற்று பன்னிரண்டு நாள். இவரிடம் நான் சொல்லவில்லை. பிரஷ் நின்றதை நான் உங்களிடம் சொல்லி, நீங்கள் அனுப்பி வைத்த மோட்டார் வந்தும் ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் பிரிக்கவில்லை. பயிற்சி பத்து நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது, மீதி அரை மணி நேரம் கதவிடுக்கில் நின்று இவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உட்கார்ந்த நாற்காலியை நகர்த்திப் போடாத மனுஷர், முட்டி போட்டு மூலை மூலையாகக் கூட்டுகிறார். பயந்தேன் என்று உங்களுக்கு எழுதியிருக்கிறாரே, என்னிடம் ஒரு நாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. அந்த இடத்தை மட்டும் நாலு தடவை படித்தேன்.

உறையை ஒட்டி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுகிறேன், தானே ஒட்டியதாக நினைத்துக்கொள்வார். நீங்கள் பதில் எழுதும்போது ஐந்து வாரத்துக்குக் குறையாமல் இழுக்கிற மாதிரி வழி சொல்லுங்கள். பரண் மேலே இருப்பதை எல்லாம் இறக்கி, அங்கேயும் நன்றாகக் கூட்டினால்தான் பிரஷ் சுற்றும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.